முதுகில் விழும் கற்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவு. டியூப்லைட்டுக்குக் கீழே நீண்ட மேசை. ஒரு பக்கம் தைத்து வந்த டீ-ஷர்ட் குவியல், மறுபக்கம் பார்த்து முடித்த குவியல். நடுவில் நிற்கும் பெண்ணுக்கு ஒரு சட்டையைப் பார்க்கக் கிடைப்பது அரை நிமிடம்கூட இல்லை. கழுத்துப்பட்டி, தோள், கை, பக்கத் தையல், கீழ் மடிப்பு, லேபிள் என்று கையும் கண்ணும் ஒரே தடத்தில் ஓடுகின்றன. ஓட்டையோ எண்ணெய்க் கறையோ விட்டுப்போன தையலோ கண்ணில் பட்டால் அந்த இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டித் தனியே போட வேண்டும்.

நான் நின்று பார்த்துக்கொண்டிருந்த அன்று, காலை பத்தே முக்கால் இருக்கும், ஒரு அக்காவின் இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். பேசவில்லை. திரும்பச் செருகிக்கொண்டு அடுத்த சட்டையை எடுத்தார். கை முன்புபோலவே ஓடியது, வேகமும் குறையவில்லை. ஆனால் மூன்றாவதோ நான்காவதோ சட்டையில் தோள் தையல் ஒரு விரல்கடை நீளத்துக்குப் பிரிந்து கிடந்தது. எனக்கே தெரிந்தது. அது அவர் கண்ணுக்கு நேராகப் போய், நல்ல சட்டைகளின் குவியலில் விழுந்தது. பதினோரு வருடமாக இதே வேலை செய்பவர் அவர்.

டீக்கு விட்டபோது கேட்டேன். "வியாழக்கிழமை குழுவுக்குக் கட்டோணுங்க. சம்பளம் சனிக்கிழமைதானுங்க. ரெண்டுக்கும் நடுவுல நிக்கறனுங்க" என்றார்.

சூப்பர்வைசர் வேறு மாதிரி சொன்னார். "நல்ல வேலைக்காரிதான், கொஞ்ச நாளா கவனம் பத்தறதில்ல." அவர் கண்டது உண்மை. கவனம் பத்தவில்லைதான். பதினோரு வருடம் பத்திய கவனம் இப்போது எங்கே போகிறது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி. இதற்கு விடை தேடியவர்கள் சோதனைச் சாலைக்குள் மட்டும் தேடவில்லை. விழுப்புரத்துக் கரும்புக் கொல்லைகளிலும் ஒடிசாவின் இலை தைக்கும் கூடங்களிலும் தேடினார்கள்.

அதற்கு முன் ஒரு பழைய கலையை நினைவூட்ட வேண்டும். நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டினார். அவதானம் என்றால் கவனம். எட்டுக் காரியங்களை ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்துகிறவர் அட்டாவதானி, பத்தை நிறுத்துகிறவர் தசாவதானி, நூறு என்றால் சதாவதானி. அவதான மேடையில் ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார், இன்னொருவர் கணக்குப் போடச் சொல்வார், வேறொருவர் ஒரு தேதியைச் சொல்லிக் கிழமை கேட்பார். நடுநடுவே மணி அடிக்கும். பின்னால் ஒருவர் உட்கார்ந்துகொண்டு அவதானியின் முதுகில் சிறு கற்களை ஒவ்வொன்றாக எறிந்துகொண்டே இருப்பார். கடைசியில் பாட்டும் கணக்கும் சொல்லி முடித்து, முதுகில் விழுந்த கற்கள் எத்தனை என்றும் சொல்ல வேண்டும்.

அந்தக் கல் ஒரு புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். வலிக்காது. ஆனால் அதை மறக்க அனுமதி இல்லை. எத்தனை கற்கள் விழுந்தன என்ற கணக்கு, வெண்பாவின் தளை தட்டாமல் பார்த்துக்கொள்ளும் அதே மனத்தின் ஒரு மூலையில் விடாமல் ஓட வேண்டும். பல்லாண்டுப் பயிற்சி பெற்றவர்கள் இதைச் செய்தபோது ஊரே கூடி வியந்தது.

பயிற்சி இல்லாத நம் போன்றவர்களின் நிலை என்ன? ஒரு வேலையைச் செய்யும்போது அதற்குத் தேவையானதைத் தற்காலிகமாகப் பிடித்து வைத்திருக்கும் திறனை உளவியலாளர்கள் செயல்நினைவு என்கிறார்கள். கடைக்காரர் சொன்ன மூன்று விலைகளை மனத்தில் வைத்துக்கொண்டே கூட்டுகிறோமே, அது செயல்நினைவின் வேலை. 1956இல் ஜார்ஜ் மில்லர் இதன் கொள்ளளவு ஏறத்தாழ ஏழு என்றார். 2001இல் நெல்சன் கோவன் சான்றுகளையெல்லாம் திரும்ப எடைபோட்டு, நான்குக்கு மேல் தேறாது என்றார். நான்கே நான்கு இடங்கள். அதில் ஒன்றில் வியாழக்கிழமைத் தவணை வந்து உட்கார்ந்துகொண்டால், சட்டையின் தோள் தையலுக்கு இடம் எங்கே?

இது நல்ல கதை. ஆனால் அறிவியலுக்குக் கதை போதாது. கடன் உள்ளவர் வேலையில் தடுமாறுகிறார் என்றால், கடன்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது? தடுமாறுகிறவராக இருப்பதால்தான் கடனாளி ஆனார் என்று ஒருவர் எதிர்வாதம் செய்யலாம். ஏழைகளைப் பற்றி உலகம் முழுவதும் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்ததும் இதுதான். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரே வழி, அதே மனிதரைக் கையில் காசில்லாதபோதும் காசு உள்ளபோதும் சோதிப்பது.

ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகிய நால்வரும் இதற்கு விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் கரும்பு விவசாயிகளிடம் வந்தார்கள். கரும்பைவிடப் பொருத்தமான பயிர் கிடைத்திருக்காது. போட்ட பணம் ஏறத்தாழ ஓராண்டு கழித்து, ஆலை கொடுக்கும் ஒரே தொகையாகத் திரும்பி வருகிறது. அதுவரை உரத்துக்கும் ஆளுக்கும் வீட்டுச் செலவுக்கும் கடன். இன்னொரு வசதியும் இருந்தது. ஆலையால் எல்லாக் கரும்பையும் ஒரே வாரத்தில் அரைக்க முடியாது என்பதால் வெட்டு ஆர்டர் ஆளுக்கொரு மாதமாக வரும். பக்கத்துப் பக்கத்துக் கொல்லைக்காரர்களில் ஒருவர் பணம் வாங்கிவிட்டிருப்பார், மற்றவர் காத்துக்கொண்டிருப்பார். ஆகவே பருவம், வெயில், பண்டிகை ஆகியவற்றின் விளைவைப் பணத்தின் விளைவிலிருந்து பிரித்துப் பார்க்க முடிந்தது.

54 கிராமங்களில் 464 விவசாயிகள். அறுவடைக்கு முன் ஒரு தடவை, பணம் வந்த பின் ஒரு தடவை. முன்பு 78 சதவீதம் பேர் ஏதோ ஒரு பொருளை அடகு வைத்திருந்தார்கள், பின்பு 4 சதவீதம். முன்பு 99 சதவீதம் பேருக்குக் கடன் இருந்தது, பின்பு 13 சதவீதம். இந்த எண்களைப் படிக்கும்போது எனக்கு ஆய்வு மறந்துபோய், அடகுக்கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறவர்களின் முகங்கள்தான் தெரிகின்றன.

கொடுத்த சோதனைகளில் ஒன்றை நீங்களே இப்போது செய்து பார்க்கலாம். 5 5 5 என்று எழுதியிருக்கிறது. எத்தனை இலக்கங்கள் இருக்கின்றன என்று சட்டென்று சொல்ல வேண்டும். விடை மூன்று. ஆனால் நாக்கு ஐந்து என்று சொல்லத்தான் துடிக்கும். அந்தத் துடிப்பை அடக்கிச் சரியான விடையைச் சொல்லத் தேவைப்படும் மனக்கட்டுப்பாடுதான் அங்கே அளக்கப்பட்டது. அறுவடைக்கு முன் விவசாயிகள் இதில் அதிக நேரம் எடுத்தார்கள், அதிகத் தவறும் செய்தார்கள். வடிவங்களின் வரிசையில் விடுபட்ட வடிவத்தைக் கண்டுபிடிக்கும் ராவென் சோதனையில், சரியான விடைகளின் சராசரி அறுவடைக்கு முன் 4.35, அறுவடைக்குப் பின் 5.45. இரண்டாம் தடவை செய்ததால் பழகிவிட்டார்களோ என்ற சந்தேகத்துக்கும் வழி வைத்திருந்தார்கள். 100 விவசாயிகளை முன்பு சோதிக்காமல் ஒதுக்கி வைத்து, அறுவடைக்குப் பின் முதல் தடவையாகச் சோதித்தார்கள். அவர்களும் நன்றாகவே செய்தார்கள். 2013இல் இது 'சயன்ஸ்' இதழில் வெளியானது.

அதே ஆள், அதே மூளை. நடுவில் மாறியது ஆலை கொடுத்த பணம்.

சோதனைத்தாள் வேறு, வேலை வேறு என்று ஒரு முதலாளி சொல்லக்கூடும். அவருக்கான பதில் ஒடிசாவிலிருந்து வந்தது. சுப்ரீத் கவுர், செந்தில் முல்லைநாதன், சுவானா ஓ, ஃபிராங்க் ஷில்பாக் நால்வரும் 408 தொழிலாளர்களை இரண்டு வார வேலைக்கு எடுத்தார்கள். வேலை இலை தைப்பது. நம் ஊரில் மந்தாரை இலையிலும் ஆலிலையிலும் தையல் இலை தைப்பார்களே, அதேபோல் அங்கே சால மரத்து இலையில். இலைகளைச் சுற்றி அடுக்கி, மெல்லிய குச்சியால் கோத்துத் தட்டாக்க வேண்டும். தைத்த தட்டுக்கு இவ்வளவு என்று கூலி. விவசாய வேலை இல்லாத வறண்ட மாதங்களில், எல்லோர் வீட்டிலும் பணமுடை இருக்கும் நேரத்தில் இதைச் செய்தார்கள்.

சோதனையின் நுட்பம் கூலி தரும் நாளில் இருந்தது. எல்லோருக்கும் ஒரே கூலி விகிதம். ஒரு சாராருக்கு எல்லாப் பணமும் கடைசி நாளில். இன்னொரு சாராருக்கு, அதுவரை சம்பாதித்தது சில நாட்கள் முன்னதாகவே கைக்கு வரும். யார் எந்தச் சாரார் என்பது குலுக்கல் முறையில் முடிவானது. முன்னதாகப் பணம் பெற்றவர்கள் அதை வாங்கியவுடன் கடனை அடைத்தார்கள், வீட்டுக்கு வேண்டியதை வாங்கினார்கள். மறுநாளிலிருந்து அவர்கள் தைத்த தட்டுகள் மற்றவர்களைவிட ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல். அதிக வறுமையில் இருந்தவர்களிடம் இந்த ஏற்றம் இன்னும் பெரியது. கூலி உயரவில்லை, அதட்டுவாரும் இல்லை.

இந்த ஆய்வில் என்னை மிகவும் கவர்ந்தது 7 சதவீதம் அல்ல, தட்டுகளைப் புரட்டிப் பார்த்த விதம். தைத்து முடித்த தட்டு, தைத்தவரின் மனம் அப்போது எங்கே இருந்தது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். கவனம் சிதறியவர் குச்சியைக் குத்திய இடம் தவறி, பிடுங்கி, பக்கத்தில் மறுபடி குத்துவார். இலையில் இரட்டை ஓட்டை விழும். தேவைக்கு மேல் இலை வைப்பார், தேவைக்கு மேல் தையல் போடுவார். ஆய்வாளர்கள் இவற்றை எண்ணினார்கள். பணம் முன்னதாக வந்தவர்களின் தட்டுகளில் இந்தத் தடயங்கள் குறைந்திருந்தன. அவர்கள் வேகமாகவும் வேலை செய்தார்கள், பிசகாமலும் செய்தார்கள். உற்சாகம் மட்டும் கூடியிருந்தால் வேகம் கூடிப் பிசகும் கூடியிருக்கும். இங்கே திரும்பி வந்தது கவனம்.

இலைத்தட்டில் இரட்டை ஓட்டை விழுந்தால் ஒரு இலை போகும். லாரி ஓட்டுகிறவரின் கவனம் போனால் என்ன ஆகும்? ஜிர்ஸ் மியூரிஸ், கேரி லியானா என்ற இருவர் அமெரிக்காவில் ஒரு போக்குவரத்து நிறுவனத்தின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட லாரி ஓட்டுநர்களை ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். பணக்கவலை அதிகமாக இருந்த ஓட்டுநர்களின் செயல்நினைவு தளர்ந்திருந்தது. தவிர்த்திருக்கக்கூடிய விபத்துகளும் அவர்களிடமே கூடுதல். இதனால் அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 13 லட்சம் டாலர் இழப்பு என்று கணக்கிட்டார்கள். கூலியில் மிச்சம் பிடித்ததாக நினைத்த பணம் பம்பர் வழியாகப் போயிருக்கிறது.

எதிர்ச் சான்றும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. கார்வாலோ, மயர், வாங் மூவரும் அமெரிக்காவில் குறைந்த வருமானக்காரர்களைச் சம்பள நாளுக்குச் சற்று முன்பும் பின்பும் சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். யோசிக்கும் திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. விழுப்புரத்து முடிவை இது தள்ளுபடி செய்துவிடுகிறதா? நான் அப்படி நினைக்கவில்லை. கரும்புப் பணம் வந்தால் அடகு மீள்கிறது, கடன் தீர்கிறது. மாதச் சம்பளம் வந்தால் கடன் அப்படியே இருக்கிறது, பை மட்டும் ஒரு வாரத்துக்கு நிறைகிறது. பணம் கைக்கு வருவதும் கவலை கையை விட்டுப் போவதும் எப்போதும் ஒன்றாக நடப்பதில்லை. ஒடிசாத் தொழிலாளர்கள் பணத்தை வாங்கியதும் முதலில் செய்தது கடனடைத்ததுதான் என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் சிங்கப்பூரில் நடந்த ஓர் ஆய்வு முக்கியமாகிறது. அங்கே ஒரு தொண்டு அமைப்பு, நெடுநாள் கடனில் சிக்கிய ஏழைக் குடும்பங்களுக்கு ஒரே தடவையாக 5,000 சிங்கப்பூர் டாலர் வரை கடனை அடைத்துக் கொடுத்தது. வாடகை பாக்கி, மின்கட்டண பாக்கி, தவணைப் பொருள் பாக்கி என்று பல கணக்குகள். ஆய்வாளர்கள் 196 பேரை முன்பும் பின்பும் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். பதற்றம் குறைந்தது, சோதனைகளில் பிழை குறைந்தது, பணத்தைப் பற்றிய முடிவுகளில் அவசரம் குறைந்தது. இதுவரை எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது இது: ஒரே அளவு பணத்துக்குள், எத்தனை கடன் கணக்குகள் மூடப்பட்டன என்பதைப் பொறுத்துப் பலன் கூடியது. ஒரு பெரிய கடனில் பாதியைக் கழித்தவரைவிட, அதே தொகையில் நான்கு சின்னக் கடன்களை முழுவதும் தீர்த்தவரின் மனம் அதிகம் விடுபட்டது.

அவதானியின் முதுகை நினைத்துப் பாருங்கள். அங்கே கல்லின் எடைக்குக் கணக்கில்லை. எத்தனை கல் என்பதற்குத்தான் கணக்கு.

நம் ஊர்த் தொழிலாளியின் முதுகில் எத்தனை? மகளிர் குழுக் கடன், வாரத் தவணை. அதிலும் கூட ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும் என்பதால், அடுத்தவர் கவலையும் தன் கவலையாகிறது. நகைக்கடன், வருடம் முடிவதற்குள் வட்டி கட்டித் திருப்பி வைக்க வேண்டும். தண்டல்காரர் தினமும் சாயங்காலம் வண்டியில் வருவார். ஏலச்சீட்டு. போனில் எடுத்த ஆப் கடன். அக்கம்பக்கத்துக் கைமாத்து. தமிழ்நாடு 2003இல் கொண்டுவந்த கந்துவட்டித் தடைச் சட்டத்தைப் படித்தால், அதிலேயே நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று தனித்தனியே வரையறை இருக்கிறது. மணிக்கணக்கில் ஏறும் வட்டிக்கு ஒரு சட்டப்பிரிவு தேவைப்பட்டது என்றால், மணிக்கணக்கில் அதை எண்ணிக்கொண்டு வேலை செய்தவர்கள் இருந்தார்கள் என்று பொருள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி, ஒரு ஆள், ஒரு பதில் சொல்லும் முறை. இத்தனையையும் மனத்தில் அடுக்கி வைத்திருப்பவரைக் கவனமில்லாதவர் என்று சொல்வது எவ்வளவு பெரிய தவறு!

போன் அழைப்புகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடன் வசூலிப்பவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் அறிவுறுத்தியது. இரவில் வீட்டுக் கதவைத் தட்டிய கொடுமைகளை நினைத்தால் மிக அவசியமான விதி. ஆனால் எட்டுக்கும் ஏழுக்கும் இடைப்பட்ட நேரம் எது? பனியன் கம்பெனியின் ஷிஃப்ட் நேரம். விதிப்படி நடக்கும் வசூல்காரரும் தையல் மேசைக்குத்தான் அழைக்க வேண்டியிருக்கிறது. பத்தே முக்காலுக்கு அதிர்ந்த போனும் அப்படி வந்ததாகவே இருக்கலாம்.

வேலை நேரத்தில் மூச்சடக்கிக்கொண்ட கவலை வீட்டுக்கு வந்ததும் முழு உருவம் எடுக்கும். விளக்கை அணைத்தால் கணக்கு ஓடத் தொடங்கும். படுக்கையில் கிடக்கும் நேரமும் தூங்கும் நேரமும் ஒன்றல்ல என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. குறைந்த வருமானக்காரர்கள் 452 பேரின் கையில் கருவி கட்டி அளந்த ஆய்வு 2021இல் வெளியானது. எட்டு மணி நேரம் படுத்திருந்தவர்கள் தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான். சூடு, கொசு, சத்தம், மனச்சுமை எல்லாம் சேர்ந்து தூக்கத்தைத் துண்டு துண்டாக்கியிருந்தன. இரவில் கூடுதலாக அரை மணி தூங்கவைத்துப் பார்த்ததில் வேலை பெரிதாக மாறவில்லை. அலுவலகத்திலேயே மதியம் அமைதியான இடத்தில் ஒரு குட்டித் தூக்கம் போட்டவர்களின் வேலையும் மனநிலையும் மேம்பட்டன.

அப்படியானால் முதலாளி முன்பணம் கொடுத்துவிட்டால் போதுமா? இந்த யோசனையை உடனே ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கம் இருக்கிறது. செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணம் என்ற பெயரில் குடும்பங்களையே கட்டிப்போட்ட வரலாறு நமக்கு உண்டு. 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்ததே அதற்காகத்தான். உழைத்து முடிக்காத வேலைக்குக் கொடுக்கும் பணம் இன்னொரு கடன், முதுகில் இன்னொரு கல். ஒடிசாவில் கொடுத்தது அதுவல்ல. ஏற்கெனவே உழைத்துச் சம்பாதித்த பணத்தை, பிடித்து வைக்காமல் கொடுத்தார்கள். இந்த வேறுபாட்டை மறந்துவிட்டால் முழு ஆய்வையும் தலைகீழாகப் புரிந்துகொண்டுவிடுவோம். 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம், ஆயிரம் பேருக்குக் குறைவான இடங்களில் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் சம்பளம் தர வேண்டும் என்றது. 1ஆம் தேதி உழைத்த உழைப்புக்கான கூலி முப்பத்தாறு நாள் முதலாளியிடம் இருக்கலாம். அந்த முப்பத்தாறு நாளுக்குத் தொழிலாளி வெளியே வட்டி கட்டுகிறார், தன் பணத்துக்கே. சம்பள நாளை வாடகைக்கும் தவணைக்கும் முந்திய நாளாக நகர்த்துவதற்கு ஒரு கம்பெனிக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. ஒரு வார முதலைக் கொஞ்சம் முன்கூட்டிப் புரட்ட வேண்டும், அவ்வளவே.

ஆனாலும் கூலியே குறைவாக இருக்கும் இடத்தில் தேதியை மாற்றிக் குறையை மூடிவிட முடியாது. இந்த ஆய்வுகளைக் காட்டி, தொழிலாளர்களுக்குச் சேமிப்பைப் பற்றி வகுப்பெடுக்க விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். ஐந்து கடனை ஐந்து தேதியில் தவறாமல் கட்டிக்கொண்டிருக்கும் ஒருவருக்குக் கணக்குத் தெரியாது என்று நினைப்பது எப்படி?

செக்கிங் மேசை அக்காவிடம் அன்று டீ முடியும் நேரத்தில் எத்தனை கடன் இருக்கிறது என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். குழு, நகை, சீட்டு, பையன் காலேஜ் ஃபீஸுக்கு வாங்கினது. நான்கு விரல் மடங்கியது. கட்டைவிரலில் வந்து நின்றார். பக்கத்துத் தெருவில் ஒருத்தியிடம் வாங்கிய மூவாயிரம் ரூபாய் கைமாத்து. வட்டி இல்லை, அவசரப்படுத்துவதும் இல்லை. எல்லாவற்றிலும் சின்னது அதுதான். நகைக்கடன் அதைப்போல இருபது மடங்கு.

எது முதலில் தீர்ந்தால் நன்றாக இருக்கும் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. கட்டைவிரலை மடக்கிக் காட்டினார்.

"இது முடிஞ்சிருச்சுன்னா அந்தத் தெரு வழியாவே வூட்டுக்குப் போலாமுங்க. இப்ப சுத்திக்கிட்டுப் போறனுங்க."